ஒரே போர், இரண்டு நடுநிலை நாடுகள்: பாரசீகம் மிதிபட்டது ஏன், காபூல் தப்பியது எப்படி?

கேள்வி இது: முதல் உலகப் போரில் பாரசீகமும் (இன்றைய ஈரான்) ஆப்கானிஸ்தானும் நடுநிலை அறிவித்தன. இரண்டு நாடுகளுக்கும் ஒரு பக்கம் ரஷ்யா, இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியா. இரண்டிலும் ஜெர்மானியர்கள் நுழைந்து வேலை பார்த்தார்கள். அப்படியிருக்க பாரசீகம் மட்டும் போர்க்களமானது ஏன்? காபூலுக்குப் போன ஜெர்மன் தூதுக்குழு அங்கே என்னதான் செய்தது? அங்கே அமைந்த இந்தியத் தற்காலிக அரசில் செண்பகராமன் பிள்ளை அமைச்சராக இருந்தார் என்பது உண்மையா?

முதலில் நேரடியான பதில். தெஹ்ரானில் இருந்த அரசிடம் எல்லையைக் காக்கப் படை இல்லை, கருவூலத்தில் பணம் இல்லை, துணிந்து முடிவெடுக்க ஓர் ஆள் இல்லை. காபூலில் அமீர் ஹபிபுல்லா கானிடம் இந்த மூன்றும் ஓரளவுக்கு இருந்தன. அதோடு, இரண்டு தரப்பும் தன் வாசலில் காத்துக் கிடக்கும்படி அவர் நாளைக் கடத்தினார். வெள்ளைக்காரர்கள் கொடுத்த பணத்துக்கு விலைபோனவர், முடிவெடுக்கத் தெரியாதவர் என்று அவரைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அவர் இழுத்தடித்தது தெரிந்தே செய்த அரசியல் என்பதுதான் என் வாதம்.

கதை 1907-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்யாவும் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பாரசீகத்தின் வடக்கு ரஷ்யாவின் செல்வாக்கு மண்டலம், தென்கிழக்கு பிரிட்டனுடையது, நடுவில் மிஞ்சியது பொது. தெஹ்ரானை யாரும் கேட்கவில்லை. அதே ஒப்பந்தத்தில், ரஷ்யா ஆப்கானிஸ்தானோடு அரசியல் பேச வேண்டுமென்றால் பிரிட்டன் வழியாகத்தான் பேச வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். அமீரையும் கேட்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம்: பிறகு அவருடைய சம்மதத்தைக் கேட்டு அனுப்பியபோது ஹபிபுல்லா கொடுக்கவில்லை. இரண்டு பேரரசுகளும் அதைப் பொருட்படுத்தாமல் ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஆனாலும் 'நான் ஒப்புக்கொண்டதில்லை' என்று சொல்லும் உரிமை அவர் கையில் நின்றது.

1914-இல் போர் மூண்டபோது பாரசீகத்தின் நிலைமையைப் பாருங்கள். அஹ்மத் ஷா அந்த ஜூலையில்தான் முடிசூடியிருந்தார்; பதினாறு வயதுப் பையன். நவம்பர் 1 அன்று நடுநிலை அறிவித்தார். அன்றைக்கே வடமேற்கு நகரமான தப்ரீஸ் பக்கம் ரஷ்யத் துருப்புகள் முகாமிட்டிருந்தன, போருக்கு முன்பிருந்தே. தென்மேற்கில் ஆங்கிலோ பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் கிணறுகளும் அபாதான் சுத்திகரிப்பு ஆலையும் இருந்தன. அதே 1914-இல்தான் அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை பிரிட்டிஷ் அரசு வாங்கியிருந்தது. 'ரஷ்யா வெளியேறாதவரை நாங்களும் நுழைவோம்' என்றது துருக்கி. 1915 ஜனவரியில் துருக்கியர்கள் தப்ரீஸைப் பிடித்தார்கள், அதே மாதம் ரஷ்யர்கள் அவர்களை விரட்டினார்கள். ஊர் பாரசீகத்துடையது, செத்ததில் பெரும்பகுதி அந்த ஊர் மக்கள்.

நாட்டுக்குள் இருந்த ஒழுங்கான படை என்றால் ஜாந்தார்ம் எனப்பட்ட காவற்படைதான். அதை நடத்தியவர்கள் சுவீடன் அதிகாரிகள். சுவீடனும் நடுநிலை நாடு. அப்படிப்பட்ட நாட்டின் ஆட்கள் என்பதால்தான் பாரசீகம் அவர்களை அழைத்தது. போர் வந்ததும் அவர்களில் பலர் ஜெர்மனி பக்கம் சாய்ந்தார்கள். 1915 நவம்பரில் ஷிராஸில் இந்தக் காவற்படை அந்த ஊரில் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரையே பிடித்து தங்கிஸ்தான் பழங்குடிகளிடம் ஒப்படைத்தது. அந்தப் பழங்குடிகளுக்கு நடுவே உட்கார்ந்து பிரிட்டனுக்கு எதிராக வேலை செய்தவர் வில்ஹெல்ம் வாஸ்முஸ், முன்பு புஷெஹர் துறைமுகத்தில் ஜெர்மன் துணைத் தூதராக இருந்தவர். பாரசீக மொழியைச் சரளமாகப் பேசுவார், உள்ளூர் உடை உடுத்துவார். அவரைச் சமாளிப்பதற்காகவே பிரிட்டன் தெற்கில் கணிசமான படையை நிறுத்த வேண்டியதாயிற்று.

அதே நவம்பரில் ரஷ்யப் படை கஸ்வீனிலிருந்து தெஹ்ரானை நோக்கி நகர்ந்தது. ஜெர்மன் தூதர் இளவரசர் ராய்ஸும், அவரை நம்பிய தேசியவாதிகளும் ஷாவைத் தலைநகரை விட்டுக் கிளம்பச் சொன்னார்கள். கும் நகரில் வேறொரு அரசு அமைத்து ஜெர்மனி பக்கம் சேர்ந்துவிடுவது திட்டம். ஷா புறப்படவே இருந்தார். கடைசி நேரத்தில் பிரிட்டிஷ், ரஷ்யத் தூதர்கள் போய்ப் பேசித் தடுத்தார்கள். ஷா தெஹ்ரானில் தங்கினார். நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒரு பகுதி கும் போய், அப்புறம் கெர்மான்ஷா போய், அங்கே ஒரு மாற்று அரசு அமைத்தார்கள். அதாவது ஒரே நாட்டில் இரண்டு அரசுகள், மூன்று அந்நியப் படைகள். 1916-இல் பிரிட்டன் பெர்சி சைக்ஸ் தலைமையில் 'தென் பாரசீகத் துப்பாக்கிப் படை' என்று ஒரு படையைத் தானே உருவாக்கிக்கொண்டது. போரின் கடைசி ஆண்டுகளில் வந்த பஞ்சத்திலும் காய்ச்சலிலும் அந்த மக்கள் பட்ட பாட்டை நினைத்தால் மனம் கனக்கிறது. எந்தத் தரப்பிலும் சேராத நாடு அது.

சரி, இப்போது காபூல்.

ஆப்கானிஸ்தான் முழுச் சுதந்திர நாடாக இருக்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1879-இல் செய்த கண்டமக் ஒப்பந்தத்திலிருந்து அதன் வெளியுறவு பிரிட்டன் கையில் இருந்தது. பதிலுக்கு இந்திய அரசு அமீருக்கு ஆண்டு மானியம் கொடுத்தது. ஹபிபுல்லாவின் தந்தை அப்துர் ரஹ்மான் காலத்தில் 12 லட்சம் ரூபாயாக இருந்தது, 1893-இல் 18 லட்சமாக உயர்ந்தது. காபூலில் பிரிட்டனின் பிரதிநிதியாக வெள்ளைக்காரர் யாரும் இருக்க முடியாது. இந்திய முஸ்லிம் ஒருவர்தான் முகவராக இருப்பார். போர்க்காலத்தில் அந்த இடத்தில் இருந்தவர் ஹாஃபிஸ் சைஃபுல்லா கான். பின்னால் வரப்போகும் நாடகத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் முக்கியமான ஆள் அவர். அமீர் சொல்ல விரும்பியதெல்லாம் அவர் வழியாகத்தான் வைஸ்ராய் ஹார்டிஞ்சுக்குப் போனது.

பெர்லினில் திட்டம் போட்டவர்களின் கணக்கு எளிமையானது. 1914 நவம்பரில் துருக்கி சுல்தான், கலீஃபா என்ற முறையில், புனிதப் போர் அறிவித்துவிட்டார். ஆப்கான் அமீரும் அதில் சேர்ந்து கைபர் கணவாய் வழியாக இறங்கினால், எல்லைப் பழங்குடிகள் எழுவார்கள், இந்தியாவுக்குள்ளேயும் கிளர்ச்சி வெடிக்கும், பிரிட்டன் ஐரோப்பாவுக்கு அனுப்பிய படையைத் திருப்பிக் கூப்பிட வேண்டிவரும். இது வெறும் கனவு என்று தள்ளிவிட முடியாது. ஒரு கட்டத்தில் இந்தியாவில் மிஞ்சியிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுமார் 15,000 பேர்தான் என்று ஹார்டிஞ்சே பின்னாளில் எழுதினார். 1915 பிப்ரவரியில் லாகூரில், வெளிநாட்டு இந்தியர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய கதர் கட்சி எழுச்சிக்கு நாள் குறித்தது, அதே மாதம் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள்.

ஜெர்மன் பக்கத்தில் இந்தக் கிழக்கு வேலைகளுக்கான உளவுப் பிரிவைத் தொடங்கியவர் மாக்ஸ் ஃபோன் ஓப்பன்ஹைம், தொல்லியல் அறிஞர். முதல் முயற்சி 1914-இலேயே நடந்தது, ஆனால் அசிங்கமாகச் சறுக்கியது. ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ் கம்பெனி என்று சொல்லிக்கொண்டு அந்தக் குழு ருமேனியா வழியாகப் போனது. ருமேனியா அப்போது நடுநிலை நாடு. கூடாரக் கம்பங்கள் என்று எழுதியிருந்த கட்டுகளிலிருந்து வயர்லெஸ் ஏரியல்கள் நீட்டிக்கொண்டிருந்ததைச் சுங்க அதிகாரிகள் பார்த்துவிட்டார்கள். கருவிகளும் ஆயுதங்களும் பறிபோயின.

இரண்டாவது குழு 1915 ஏப்ரலில் பெர்லினை விட்டுக் கிளம்பியது. அதில் இருந்தவர்களை அறிமுகம் செய்ய வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குள் இருந்த இழுபறியும் முடிவைப் பாதித்தது. வெர்னர் ஓட்டோ ஃபோன் ஹென்டிக் இளம் அரசுத் தூதர். பெய்ஜிங், கான்ஸ்டான்டிநோபிள், தெஹ்ரான் மூன்றிலும் வேலை பார்த்தவர். ஆஸ்கர் நீடர்மாயர் பவேரியப் பீரங்கிப்படை அதிகாரி, போருக்கு முன்பே பாரசீகத்தில் சுற்றியவர். முதல் குழுவோடு கிளம்பி, பாரசீகத்தில் காத்திருந்தார். யார் தலைவர் என்ற கேள்வி இருவருக்கும் நடுவில் கடைசிவரை தீரவில்லை. துருக்கியின் சார்பில் காஸிம் பே வந்தார். இந்தியர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர்: ஹாத்ரஸ் பகுதியைச் சேர்ந்த ராஜா மகேந்திர பிரதாப், டோக்கியோவில் ஹிந்துஸ்தானி கற்பித்துவந்த போபால்காரர் மௌலவி பரக்கதுல்லா. மகேந்திர பிரதாப் ஜெர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்மை நேரில் சந்தித்துவிட்டுத்தான் வந்தார். ஜெர்மனியின் போர்க்கைதி முகாம்களில் இருந்த அஃப்ரீதி பதான் வீரர்கள் சிலரும் கூட வந்தார்கள்.

1915 ஜூலை தொடக்கத்தில் இஸ்ஃபஹானிலிருந்து கிழக்கே கிளம்பினார்கள். முன்னால் பாலைவனம், அதைத் தாண்டினால் கிழக்கு எல்லையில் வடக்கே ரஷ்யர்களும் தெற்கே ஆங்கிலேயர்களும் சேர்ந்து போட்டிருந்த காவல் வளையம். பகலில் வெயில் தாங்காமல் இரவில் நடந்தார்கள். வளையத்தை ஏமாற்றப் பொய்யான திசைகளில் சிறு குழுக்களை அனுப்பினார்கள். கூட வந்தவர்களில் பலர் நோயிலும் தாகத்திலும் விழுந்தார்கள், சிலர் ஓடிப்போனார்கள். கிளம்பியபோது சுமார் 140 பேர்; ஆகஸ்ட் 19 அன்று ஆப்கான் எல்லையைத் தொட்டபோது ஏறக்குறைய 50 பேர். அக்டோபர் 2 அன்று காபூல் வந்து சேர்ந்தார்கள்.

மரியாதையாக வரவேற்றார்கள். பாபரின் தோட்டத்தில் தங்க இடம், நல்ல சாப்பாடு, ஒரு குறையும் இல்லை. ஆனால் வெளியே போக முடியாது, வாசலில் காவல். அமீர் மலைப்பக்கம் பக்மானில் கோடை மாளிகையில் இருக்கிறார், பிறகு பார்ப்பார் என்ற பதில்தான் ஒவ்வொரு நாளும். கடைசியில் உண்ணாவிரதம் இருப்போம் என்று மிரட்டியபிறகுதான் சந்திப்புக்கு நாள் கிடைத்தது.

ஹபிபுல்லா இந்தக் காலத்தில் செய்த வேலையைக் கவனியுங்கள். குழு வரப்போகிறது என்று ஹார்டிஞ்ச் ஜூலையிலேயே எச்சரித்திருந்தார். வந்தால் ஆயுதங்களை வாங்கி வைத்துவிடுகிறேன் என்று அமீர் பதில் சொன்னார். ஆனால் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை, கைது செய்து ஒப்படைக்கவும் இல்லை. விருந்தாளிகள் என்று உள்ளே வைத்துக்கொண்டார். ஜெர்மானியர்கள் காபூலில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் கல்கத்தாவிலும் டில்லியிலும் அவருடைய மதிப்பு கூடியது என்பது அவருக்குத் தெரியும்.

அக்டோபர் 26 அன்று பக்மானில் சந்திப்பு. நாள் முழுக்கப் பேச்சு. தொடக்கமே சங்கடமாக இருந்தது. இவ்வளவு முக்கியமான வேலைக்கு இவ்வளவு இளம் வயதுக்காரர்களை அனுப்பியிருக்கிறார்களே என்று அமீர் வியந்தார். கைசரின் கடிதம் தட்டச்சில் இருந்ததும் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒரு பேரரசர் இன்னோர் அரசருக்கு எழுதும் கடிதம் இப்படியா இருக்கும்? பிறகு ஒரு வார்த்தை சொன்னார்: உங்களை வியாபாரிகளாகப் பார்க்கிறேன், சரக்கை விரித்து வையுங்கள், எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வேன், தேவையில்லாததை விட்டுவிடுவேன் என்ற பொருளில். அவருடைய மொத்தக் கொள்கையும் அந்தப் பேச்சில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவர் கேட்ட கேள்விகள் அத்தனையும் நடைமுறைக் கேள்விகள். ஆயுதம் எந்த வழியாக வரும்? என் நாட்டுக்குக் கடல் கிடையாது. வடக்கே ரஷ்யா, கிழக்கிலும் தெற்கிலும் பிரிட்டன், மேற்கே பாரசீகத்தில் இரண்டு பேரும். உங்கள் படை எப்போது, எவ்வளவு வரும்? இந்தக் கேள்விகளுக்கு ஹென்டிக்கிடமும் நீடர்மாயரிடமும் பதில் இல்லை. அவர்களிடம் இருந்தவை வாக்குறுதிகள், பரிசுகள், இந்திய சமஸ்தான மன்னர்களுக்குத் தோல் உறையில் கொண்டுவந்த கடிதங்கள்.

அரண்மனைக்குள் போரை விரும்பியவர்கள் குறைவில்லை. அமீரின் தம்பி நஸ்ருல்லா கான்தான் அவர்களில் முதல்வர். மத அறிஞர்களிடமும் எல்லைப் பழங்குடிகளிடமும் அவருக்குச் செல்வாக்கு அதிகம். அமீரின் மகன் அமானுல்லாவும் அந்தப் பக்கம். அமானுல்லாவின் மாமனார் மஹ்மூத் தர்ஸி, 'சிராஜுல் அக்பார்' பத்திரிகையின் ஆசிரியர், துருக்கியரின் ஆட்சியில் நீண்டகாலம் வாழ்ந்து திரும்பியவர். அந்தப் பத்திரிகையின் எழுத்து பிரிட்டனுக்கு எதிராகக் காரமாகிக்கொண்டே போனது. அமீர் நினைத்திருந்தால் ஒரே நாளில் மூடியிருக்கலாம். மூடவில்லை. போர் வேண்டும் என்பவர்களின் குரல் வைஸ்ராயின் காதில் விழுவது அவருக்குப் பயன்பட்டது. 'என்னைத் தவிர இங்கே எல்லோரும் உங்களோடு சண்டை போடத் துடிக்கிறார்கள், ஆகவே என்னை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்' என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பலன் கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே அமீரின் நடுநிலையைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். மானியம் இரண்டு லட்சம் கூடி 20 லட்சமானது. இந்த இடத்தில் ஹார்டிஞ்சுக்கும் உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். லண்டனிலும் இந்தியாவிலும் பதற்றம் இருந்தபோதும் அவர் காபூலை மிரட்டவில்லை, படையை எல்லைக்கு நகர்த்தி வம்புக்கு இழுக்கவில்லை. 1839-லும் 1878-லும் ஆப்கானிஸ்தான் மீது படையெடுத்தபோது பிரிட்டன் செய்த தவறே அதுதான். இந்த முறை அமீரின் வார்த்தையை நம்பிக் காத்திருந்தார்கள்.

மறுபக்கத்துக்கும் ஒன்று கொடுக்க வேண்டுமே. 1916 ஜனவரி 24 அன்று ஜெர்மானியரோடு நட்பு ஒப்பந்த வரைவு ஒன்று தயாரானது. ஆப்கானிஸ்தானின் சுதந்திரத்தை ஜெர்மனி ஏற்கும். ஜெர்மனி ஒரு லட்சம் துப்பாக்கிகள், 300 பீரங்கிகள், ஒரு கோடி பவுண்டு பணம் தரும். பெர்லின் அதை உறுதிசெய்து பொருளும் படையும் வந்து சேர்ந்தால்தான் அமீர் களத்தில் இறங்குவார். அப்படி வருவதற்கு வழியே இல்லை என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். இதை ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு ஐரோப்பியப் பேரரசின் தூதர் ஆப்கானிஸ்தானைச் சுதந்திர நாடு என்று எழுதி, கையொப்பமும் போட்டார். 1879-க்குப் பிறகு காபூலுக்கு அப்படி ஒரு தாள் கிடைத்ததே இல்லை. அதே நாட்களில் அமீர் ஹாஃபிஸ் சைஃபுல்லாவைக் கூப்பிட்டு, என் நடுநிலையில் மாற்றம் இல்லை என்று வைஸ்ராய்க்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

பிப்ரவரியில் துருக்கியின் எர்ஸுரும் கோட்டை ரஷ்யர்களிடம் விழுந்தது. மேற்குப் பாரசீகத்தில் துருக்கியர்களும் ஜெர்மானியர்களும் பின்வாங்கினார்கள். ஏப்ரலில் இன்றைய ஈராக்கில் உள்ள கூத் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரிடம் சரணடைந்தது பெரிய செய்திதான், ஆனாலும் காபூலிலிருந்து பார்த்தால் உதவிக்கு வரக்கூடிய மிக அருகில் இருந்த துருக்கிப் படையே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இந்தியாவில் முதலில் கிளர்ச்சி வெடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் அமீர். ஹென்டிக் புரிந்துகொண்டார். 1916 மே 21 அன்று ஜெர்மானியர்கள் காபூலை விட்டுக் கிளம்பினார்கள்.

இந்தியர்கள் தங்கினார்கள். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு இங்கேதான் பதில். 1915 டிசம்பர் 1 அன்று காபூலில் இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மகேந்திர பிரதாப் குடியரசுத் தலைவர், பரக்கதுல்லா பிரதமர், தேவ்பந்த் இஸ்லாமியக் கல்விக்கூட மரபில் வந்த உபைதுல்லா சிந்தி உள்துறை அமைச்சர். வெளியுறவு அமைச்சர் பெயராகச் செண்பகராமன் பிள்ளை பட்டியல்களில் வருகிறது. ஆனால் அவர் காபூல் போன குழுவில் இல்லை. திருவனந்தபுரத்தில் 1891-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், போர் தொடங்கியபோது சூரிச்சில் இருந்தார். சுவிட்சர்லாந்தும் நடுநிலை நாடுதான். அங்கேதான் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை அமைத்தார். பிறகு பெர்லின் போய், வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா போன்றவர்களோடு இந்தியக் குழுவில் வேலை செய்தார். பெர்லினில் இருந்த ஒருவரை வெளியுறவுக்கு நியமித்தது நியாயமான ஏற்பாடுதான். அந்த அரசுக்கு வெளியுறவு என்று இருந்ததில் பெரும்பங்கு பெர்லினோடுதான். எம்டன் கப்பலில் வந்து சென்னையில் குண்டு போட்டவர் அவர்தான் என்று நம் பக்கம் சொல்லும் கதைக்கு உறுதியான சான்று கிடையாது. அந்தக் கதை இல்லாமலேயே அவருடைய வாழ்க்கை மதிக்கத்தக்கது.

அந்தத் தற்காலிக அரசின் தலைவிதி எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. ரஷ்ய ஜார் மன்னருக்குத் தங்கத் தகட்டில் கடிதம் எழுதி, பிரிட்டனைக் கைவிடுங்கள் என்று கேட்டார்கள். ஜார் பிரிட்டனின் நேச நாட்டுக்காரர். தங்கத் தகடு அதை மாற்றப் போவதில்லை. அந்தத் தூதில் போனவர்களில் ஒருவரான கதர் வீரர் டாக்டர் மதுரா சிங், அடுத்த முறை ரஷ்ய நிலத்தில் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1917-இல் லாகூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1916 ஜூலையில் உபைதுல்லா சிந்தி மேற்கு அரேபியாவில் ஹிஜாஸில் இருந்த தன் ஆசிரியர் மஹ்மூத் ஹசனுக்குப் பட்டுத்துணியில் எழுதி அனுப்பிய கடிதங்கள் பஞ்சாபில் சிக்கின. அதன் தொடர்ச்சியாக மஹ்மூத் ஹசன் மால்டா தீவில் 1920 வரை சிறை வைக்கப்பட்டார். அமீரின் நிதானம் அவருடைய நாட்டைக் காத்தது. அவரை நம்பி வந்த இந்தியர்களுக்கு அதே நிதானம் முட்டுச்சுவராக இருந்தது. இரண்டும் உண்மை.

ஜெர்மானியர்கள் வீடு திரும்பிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நீடர்மாயர் மாறுவேடத்தில் ரஷ்யத் துருக்கிஸ்தான் வழியாக நுழைந்து, வழியில் கொள்ளையரிடம் அடிபட்டு, ஜூலையில் தெஹ்ரானை எட்டி, அங்கிருந்து துருக்கியர் பகுதிக்குப் போனார். ஹென்டிக் போன வழி இன்னும் வியப்பு. பாமிர் மலைகளைத் தாண்டிச் சீனத் துருக்கிஸ்தானில் யார்கண்ட் போனார். சீனா அப்போது நடுநிலை நாடு. அவரைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லிப் பிரிட்டிஷ் தூதரகம் நெருக்கியது. அங்கிருந்து கோபி பாலைவனத்தைக் கடந்து ஹாங்கோ, ஷாங்காய். அமெரிக்கக் கப்பலில் ஒளிந்து ஹோனலூலு. அமெரிக்காவும் அதுவரை நடுநிலை. 1917 ஏப்ரலில் அது போரில் இறங்கியதும் அவர் பகைநாட்டு ஆளாகிவிட்டார். கைதிப் பரிமாற்றத்தில் நார்வே வழியாக ஜூன் மாதம் பெர்லின் சேர்ந்தார். ஒரு மனிதர் உலகைச் சுற்றி வந்திருக்கிறார், பெரும்பாலும் நடுநிலை நாடுகளின் நிலத்தைப் பிடித்துக்கொண்டே.

ஹபிபுல்லா தன் விலையைக் கேட்ட நேரம் வந்தது. 1919 பிப்ரவரி தொடக்கத்தில் வைஸ்ராய்க்கு எழுதினார்: அமைதி மாநாட்டில் ஆப்கானிஸ்தானின் முழுச் சுதந்திரத்தை ஏற்க வேண்டும். நான்கு ஆண்டுகள் தன் அரண்மனையையும் மத அறிஞர்களையும் எல்லைப் பழங்குடிகளையும் அடக்கிவைத்து பிரிட்டனுக்குச் செய்த உதவிக்கு அது நியாயமான கோரிக்கை என்பேன். பதில் வருவதற்கு முன்பே, பிப்ரவரி 20 அன்று, லக்மான் பகுதியில் வேட்டைக்குப் போன இடத்தில் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவரை யாரோ சுட்டுக் கொன்றார்கள். தானே அமீர் என்று அறிவித்த நஸ்ருல்லாவை அமானுல்லா சிறையில் தள்ளினார். அவர் அங்கேயே இறந்தார். மே மாதம் அமானுல்லா பிரிட்டனோடு போரைத் தொடங்கினார். காபூல் மீது விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. ஆகஸ்ட் 8 அன்று ராவல்பிண்டியில் சமாதானம். வெளியுறவு ஆப்கானியர் கைக்கு வந்தது. கூடவே, இனி மானியம் கிடையாது, ஹபிபுல்லாவுக்குச் சேர வேண்டிய பாக்கியும் பறிமுதல் என்றும் பிரிட்டன் எழுதிக்கொண்டது. பாரசீகத்துக்கும் மரியாதை கிடைக்கவில்லை: 1919-இல் பாரிஸ் மாநாட்டுக்குப் போன அதன் தூதுக்குழுவின் வழக்கைக் கேட்கக்கூட மறுத்துவிட்டார்கள்.

அப்படியானால் காபூலின் பிழைப்பு வெறும் நிலவியல் அதிர்ஷ்டமா என்று கேட்கலாம். மலைகள் உதவின, எண்ணெய் இல்லாததும் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் இதே இரண்டு நாடுகளுக்கும் அதே சோதனை திரும்ப வந்தது. 1941 ஆகஸ்ட் 25 அன்று, ஜெர்மானியர்களை வெளியேற்றவில்லை என்ற காரணம் சொல்லி, பிரிட்டனும் சோவியத் யூனியனும் நடுநிலை ஈரானுக்குள் நுழைந்தன. மூன்று வாரத்தில் ரெஸா ஷா முடி துறந்தார். அடுத்து அதே கோரிக்கை காபூலுக்கு வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சுபாஷ் சந்திர போஸ் காபூலில் பதுங்கியிருந்து, இத்தாலியத் தூதரகம் கொடுத்த ஒர்லாண்டோ மட்ஸோட்டா என்ற பெயரிலான பாஸ்போர்ட்டில் மாஸ்கோ வழியாக பெர்லின் போயிருந்தார். ஆகவே பிரிட்டனுக்குக் கோபம் இருந்தது. பிரதமர் ஹாஷிம் கான் உடனே மறுக்கவும் இல்லை, பணிந்துவிடவும் இல்லை. தூதரக ஆட்கள் தவிர மற்ற ஜெர்மானியரும் இத்தாலியரும் போகட்டும், ஆனால் பத்திரமாக ஊர் போய்ச் சேர பிரிட்டன் வாக்குக் கொடுக்க வேண்டும் என்று பேசி முடித்தார். நவம்பரில் லோயா ஜிர்கா எனப்படும் நாட்டுப் பெருஞ்சபையைக் கூட்டி, இனி எந்த அந்நிய நாடும் ஆப்கான் மண்ணைப் போருக்குப் பயன்படுத்த முடியாது என்று தீர்மானம் வாங்கினார். ஜெர்மன், இத்தாலியத் தூதரகங்கள் போரின் நடுவிலும் காபூலில் இயங்கின. பிரிட்டிஷ், சோவியத் படைகள் எல்லையைத் தாண்டவில்லை.